654 கி.மீ. வேகம்... ஆனா சாதனைப் பட்டியலில் பெயர் இல்லை! மாடல் கார் பெட்டிக்குள் வாழும் மிக்கி தாம்சனின் கதை

ஒரு கார் மணிக்கு 654 கி.மீ. வேகத்தில் ஓடியது. கருவி வைத்து அளந்தார்கள். நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதுவரை சக்கரத்தை இன்ஜின் சுழற்றி ஓடிய எந்தக் காரும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. ஆனாலும் உலக வேகச் சாதனைப் பட்டியலில் அந்த ஓட்டம் இடம்பெறவில்லை. காரணம், திரும்பி வரும்போது காருக்குள் உடைந்துபோன ஒரே ஒரு பாகம்.

சரி, அந்தக் காரை உலகம் மறந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 25-ல் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் பாகங்களாக, அட்டைப் பெட்டிக்குள் அடைபட்டுக் கடைக்கு வந்தது. சிறுவர்கள் வாங்கி, பசை போட்டு ஒட்டினார்கள். இன்றைக்கும் வயதான மாடல் பிரியர்கள் அதைத் தேடிப்பிடித்து வாங்கி, ஒவ்வொரு பாகமும் உண்மையான காரோடு ஒத்துப்போகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தக் காரைக் கட்டி ஓட்டியவர் மிக்கி தாம்சன். யார் இவர்? அவர் கார்களின் மாடல் கிட் எவ்வளவு உண்மையானது? விரிவா பார்க்கலாம் வாங்க.

யார் இந்த மிக்கி தாம்சன்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள அல்ஹாம்ப்ராவில் 1928 டிசம்பர் 7-ல் பிறந்தவர். இயற்பெயர் மேரியன் லீ தாம்சன். இருபதுகளின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழின் அச்சு இயந்திரப் பிரிவில் வேலை. வேலை போக மீதி நேரமெல்லாம் கார்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம் அது. தெற்கு கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, தேவையில்லாத பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய இன்ஜினை மாட்டி வேகம் பார்த்தார்கள். இப்படி மாற்றிய கார்களுக்கு ஹாட் ராட் என்று பெயர். பொதுச் சாலையில் பந்தயம் விட்டு விபத்து நடந்தபோது, அதற்கென்று தனி ஓடுபாதைகள் தேவைப்பட்டன. 1955-ல் லாஸ் ஏஞ்சலஸின் வில்மிங்டன் பகுதியில் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் திறக்கப்பட்டபோது அதன் முதல் மேலாளராகப் பொறுப்பேற்றவர் தாம்சன். அவரும் ஓட்டுவார், மற்றவர்கள் ஓட்ட இடமும் அமைத்துக் கொடுப்பார். கடைசிவரை அவருடைய வேலை இந்த இரண்டும்தான்.

சீட்டைப் பின்னால் தள்ளிய யோசனை

டிராக் ரேஸ் என்றால் ரொம்ப எளிமையான பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்துல பக்கத்துல நிற்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் தூரம். யார் முதலில் கடக்கிறாரோ அவருக்கு வெற்றி. வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது.

எளிமையாகத் தெரிந்தாலும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்ஜினின் சக்தி கூடக் கூட, பின் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். டயர் புகையும், கார் நகராது. பின் சக்கரத்தின் மேல் எடை அழுத்தினால்தான் பிடிமானம் கிடைக்கும்.

1954-ல் தாம்சன் செய்தது இதுதான்: ஓட்டுநர் சீட்டை பின் அச்சுக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தார். முன்னால் நீளமான சட்டம், நடுவில் இன்ஜின், கடைசியில் மனிதர். உண்டிவில்லில் கல் இருக்கும் இடத்தில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். அதனால் அந்த வகைக் கார்களுக்கு ஸ்லிங்ஷாட் என்றே பெயர் வந்தது. அந்த வடிவத்தை முதலில் கட்டியவர் என்ற பெருமை தாம்சனுக்குத் தரப்படுகிறது. 1955-ல் கன்சாஸ் மாகாணத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடந்த முதல் தேசிய டிராக் ரேஸில் அந்தக் கார் ஓடியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக டிராக்ஸ்டர் என்றாலே இந்த வடிவம்தான்.

நான்கு இன்ஜின், ஒரே கார்

கால் மைலில் திருப்தி அடையாத தாம்சன், அடுத்து கண் வைத்தது உலக வேகச் சாதனை மேல். அப்போது அந்தச் சாதனை பிரிட்டனின் ஜான் காப் வசம். 1947-ல் யூட்டா மாகாணத்தின் பான்வில் உப்புப் பாலைவனத்தில் அவர் வைத்த சராசரி, மணிக்கு 394 மைல், அதாவது சுமார் 634 கி.மீ. அவர் காரில் இருந்தவை இரண்டு விமான இன்ஜின்கள்.

தாம்சனிடம் விமான இன்ஜின் இல்லை. சாதாரண மக்கள் ஓட்டும் பான்டியாக் கார்களில் வரும் வி-8 இன்ஜின் நான்கை எடுத்துக்கொண்டார். இன்ஜின் வல்லுநர் ஃபிரிட்ஸ் வோய்க்டும் நண்பர்களும் துணை நின்றார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் எல் மான்டேயில் இருந்த தன் வீட்டு கராஜில் கட்ட ஆரம்பித்தார். இரண்டு இன்ஜின் முன் சக்கரங்களுக்கு, இரண்டு பின் சக்கரங்களுக்கு. ஓட்டுநர் சீட் வழக்கம்போல இன்ஜின்களுக்குப் பின்னால். மேலே நீலநிற அலுமினிய உடல். பெயர் சேலஞ்சர் 1.

1959-ல் காரைப் பான்வில்லில் ஓட்டிப் பார்த்தார். சக்தி போதவில்லை. அடுத்த ஆண்டு நான்கு இன்ஜின்களிலும் சூப்பர்சார்ஜர் பொருத்தினார். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி அது. அதற்கு இடம் வேண்டுமே? வழவழப்பாக இருந்த காரின் மேல்பகுதியில் புடைப்புகள் வந்தன. இந்தப் புடைப்பை ஞாபகம் வச்சுக்கோங்க. மாடல் கிட் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

1960 செப்டம்பர் 9: அன்று என்ன நடந்தது?

அன்று பான்வில்லில் தாம்சன் ஒரு திசையில் ஓட்டிய வேகம் மணிக்கு 406.60 மைல். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 654. 400 மைல் எல்லையைத் தாண்டிய முதல் அமெரிக்கர் ஆனார்.

ஆனா உலகச் சாதனைக்கு ஒரு விதி உண்டு. காற்று சாதகமாக அடித்திருக்கலாம், தரை லேசாகச் சரிந்திருக்கலாம் என்பதால் ஒரு திசை ஓட்டம் மட்டும் செல்லாது. ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. தாம்சன் திரும்பி ஓடும்போது டிரைவ் ஷாஃப்ட், அதாவது இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு, உடைந்தது. ஓட்டம் முழுமையடையவில்லை.

அவ்வளவுதான். ஜான் காப்பின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. தாம்சன் உலகம் முழுக்கப் புகழ்பெற்றார், ஆனால் சாதனையாளர் ஆகவில்லை.

பெட்டிக்குள் வந்த கார்

1950-களின் கடைசியிலும் 60-களிலும் அமெரிக்கச் சிறுவர்களுக்கு மாடல் கார் கட்டுவது பெரிய பொழுதுபோக்கு. டெட்ராய்ட் அருகே ட்ராய் நகரில் ஏ.எம்.டி. நிறுவனம், லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில் ரெவல் நிறுவனம். இரண்டும் முன்னணியில் இருந்தன. ரெவல் இருந்த அதே பெருநகரத்தில்தான் தாம்சனின் கராஜும் இருந்தது.

1960-களின் தொடக்கத்தில் ரெவல் சேலஞ்சர் 1-ஐ மாடல் கிட்டாகக் கொண்டுவந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கிளம்பிச் சாதனை படைக்கப் பயன்படுத்திய அட்டெம்ப்ட் 1 என்ற காருக்கும் கிட் வந்தது. பிற்காலத்தில் இரண்டும் மறுபடி அச்சிலிருந்து எடுக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. 1970-களில் ரெவல் நிறுவனமே தாம்சன் அணியின் பந்தயக் காருக்கு ஸ்பான்சர் ஆனது. காரின் பெயரே ரெவலீடர். நிஜக் காரின் மேல் மாடல் கம்பெனியின் பெயர், அந்தக் காருக்கு அதே கம்பெனி போட்ட கிட், அந்தக் கிட்டின் டெக்காலில் மறுபடி கம்பெனியின் பெயர். விளம்பரமும் விளையாட்டும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

இந்தக் கிட்கள் எவ்வளவு துல்லியம்?

இங்கேதான் கணக்கு வருகிறது. 1/25 அளவு என்றால், நிஜத்தில் 25 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. 5 மீட்டர் நீளக் கார் 20 செ.மீ. ஆகிவிடும். நீளம், அகலம், உயரம் எல்லாம் சரியாகச் சுருக்கிவிடலாம். ஆனால் எல்லாவற்றையும் சுருக்க முடியாது.

முதல் சிக்கல், தடிமன். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓட வேண்டும் என்றால் ஒரு மில்லிமீட்டர் அளவாவது இடைவெளி தேவை. 1 மி.மீ. என்பது நிஜ அளவில் 25 மி.மீ. அதாவது நிஜக் காரில் மெல்லிய தகடாக இருக்கும் உடல், மாடலில் ஒரு அங்குலப் பலகை போல ஆகிவிடுகிறது. அதனாலதான் அனுபவமுள்ள மாடல் கலைஞர்கள் ஓரங்களை உள்பக்கமாகச் சுரண்டி மெல்லியதாக்குகிறார்கள். புகைக்குழாய்களும் அப்படித்தான். பழைய கிட்களில் குழாயின் முனை பெரும்பாலும் அடைபட்ட பிளாஸ்டிக். சின்ன டிரில் வைத்துத் துளை போட்டால்தான் குழாய் மாதிரி தெரியும்.

இரண்டாவது, பெட்டியில் இல்லாத பாகங்கள். நிஜ இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒயர் 7, 8 மி.மீ. தடிமன். 25-ஆல் வகுத்தால் 0.3 மி.மீ. அதை அந்தக் கால அச்சில் வார்க்க முடியாது, அதனால் விட்டுவிட்டார்கள். ஒரு வி-8 இன்ஜினுக்கு 8 பிளக், நான்கு இன்ஜினுக்கு 32. சேலஞ்சர் 1-ஐ உண்மையாகக் காட்ட நினைப்பவர் மின்கம்பியின் மெல்லிய இழைகளைப் பிரித்து, வண்ணம் பூசி, 32 இடத்தில் துளை போட்டு நுழைக்க வேண்டும். அப்புறம் எரிபொருள் குழாய்கள் வேறு.

மூன்றாவது, பொதுப் பாகங்கள். அச்சு செய்வது பெரிய செலவு. அதனால் கம்பெனிகள் ஒரே சேஸிஸை வெவ்வேறு கார் உடல்களுக்கு அடியில் வைத்து விற்றன. ஏ.எம்.டி.யின் கிட்கள் பலவற்றில் ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டலாம்: கடையில் வரும் கார், அலங்காரக் கார், பந்தயக் கார். மூன்றுக்கும் பொருந்த வேண்டும் என்றால் எதிலாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இது சின்ன விஷயமா? தாம்சன் அணியின் 1969 மஸ்டாங் மாக் 1 காரை எடுத்துக்கோங்க. இது ஃபன்னி கார் வகை. ஒரே வார்ப்பில் செய்த ஃபைபர் கிளாஸ் உடல், தூக்கினால் மேலே எழும்பும், உள்ளே இருப்பது முழுக்கப் பந்தய இயந்திரம். டேனி ஓங்காய்ஸ் ஓட்டிய அந்தக் கார் அந்த ஆண்டு பெரிய தேசியப் பந்தயங்களை வென்றது. அதன் பலம் டிராக்ஸ்டர் போலக் குறுகலாகக் கட்டிய சேஸிஸில் இருந்தது. அப்படிப்பட்ட காரின் உடலைப் பொதுவான ஒரு சேஸிஸ் மேல் வைத்தால் வெளியே அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கார் ஏன் ஜெயித்தது என்பதே காணாமல் போய்விடும்.

நான்காவதுதான் ரொம்ப முக்கியம்: எந்த நாள் கார்? பந்தயக் கார் ஒருபோதும் ஒரே மாதிரி இருக்காது. வாரத்துக்கு வாரம் டயர் மாறும், பெயிண்ட் மாறும், ஸ்பான்சர் பெயர் மாறும். சேலஞ்சர் 1-ல் அந்தப் புடைப்பு ஞாபகம் இருக்கா? 1959-ன் கார் என்றால் புடைப்பு கூடாது, 1960-ன் கார் என்றால் இருந்தே ஆக வேண்டும். 406 மைல் ஓடிய காரைத்தான் கட்டுகிறேன் என்று சொல்பவர், செப்டம்பர் 9 அன்று எடுத்த புகைப்படத்தைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். அதிலும் பளபளவென்று மெருகேற்றினால் தப்பு. உப்புப் பாலைவனத்தில் ஓடிய காரின் அடிப்பகுதியில் வெள்ளை உப்பு அப்பியிருக்கும்.

பெட்டியின் படத்தில் இல்லாத பக்கங்கள்

காரைப் போலவேதான் மனிதரும். மாடல் பெட்டியின் மேல் வரையப்பட்ட தாம்சன் எப்போதும் வெற்றி வீரர். அவர் வாழ்க்கையில் கறுப்பான நாட்களும் இருந்தன.

1953-ல் மெக்சிகோவில் நடந்த கரேரா பனமெரிகானா சாலைப் பந்தயத்தில் அவர் கார் பாதையை விட்டு விலகியதில் பார்வையாளர்கள் உயிரிழந்தார்கள்.

1962-ல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்கு, இன்ஜினைப் பின்னால் வைத்த காரைக் கொண்டுபோனார். எல்லோரும் முன்னால் இன்ஜின் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த காலம். டான் கர்னி ஓட்டினார். 92 சுற்றோடு கார் நின்றுபோனாலும், யோசனை பேசப்பட்டது. ஆனால் 1964-ல் அதே பந்தயத்தின் இரண்டாவது சுற்றிலேயே தாம்சன் அணியின் கார் சுவரில் மோதித் தீப்பிடித்தது. ஓட்டிய டேவ் மெக்டொனால்டும், பின்னால் வந்து மோதிய எடி சாக்ஸும் உயிரிழந்தார்கள். கையாளக் கடினமான கார், பெட்ரோல் நிரம்பிய டேங்க் என்று தாம்சன் மேல் கடும் விமர்சனம் எழுந்தது. அதன்பிறகு விதிகள் மாறின, அணிகள் பெட்ரோலை விட்டு மெத்தனாலுக்கு மாறின. பந்தயம் பாதுகாப்பானதாக மாறியதற்கு இரண்டு உயிர்கள் விலையாகப் போயின.

1963-ல் அவர் பெயரில் தொடங்கிய பந்தய டயர் தொழில் இன்றும் நடக்கிறது. 1973-ல் பாலைவனப் பந்தயங்களை நடத்த ஸ்கோர் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார். அப்புறம் மண்ணையும் மேட்டையும் ஸ்டேடியத்துக்குள்ளேயே கொண்டுவந்து, மக்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்படி பந்தயம் நடத்தினார்.

1988: வீட்டு வாசலில் நடந்த கொலை

1988 மார்ச் 16, அதிகாலை. கலிபோர்னியாவின் பிராட்பரியில் உள்ள வீட்டிலிருந்து தாம்சனும் மனைவி ட்ரூடியும் வேலைக்குக் கிளம்பினார்கள். இரண்டு பேர் இருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டு சைக்கிளில் தப்பினார்கள். தாம்சனுக்கு அப்போது 59 வயது. சுட்டவர்கள் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. தாம்சனோடு தொழில் தகராறில் வழக்கில் தோற்றிருந்த முன்னாள் கூட்டாளி மைக்கேல் குட்வின்தான் கொலைக்குத் திட்டமிட்டவர் என்று 2007-ல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. தீர்ப்புக்கு 19 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

மகன் முடித்த ஓட்டம்

கதை இதோடு முடியவில்லை. உலகச் சாதனை கைநழுவிய பிறகு, 1968-ல் சேலஞ்சர் 2 என்ற காரைக் கட்டியிருந்தார் தாம்சன். மழையில் பான்வில் நீரில் மூழ்கியது, ஆதரவு தந்த ஃபோர்டு நிறுவனமும் பந்தயத்திலிருந்து விலகியது. கார் மூலையில் நின்றது. 1988-ன் தொடக்கத்தில் அதைத் தூசு தட்டி, மகன் டேனி தாம்சனை ஓட்ட வைக்கலாம் என்று அப்பாவும் பிள்ளையும் பேசியிருந்தார்கள். சில வாரங்களில் அப்பா இல்லை.

பல ஆண்டுகள் கழித்து டேனி அந்தக் காரையே எடுத்துப் புதுப்பித்தார். 2018 ஆகஸ்டில் அதே பான்வில்லில் முதல் நாள் 446.605 மைல், மறுநாள் 450.909 மைல். சராசரி 448.757, அதாவது மணிக்கு சுமார் 722 கி.மீ. அந்த வகைக் கார்களுக்கான பிரிவில் அது சாதனையாகப் பதிவானது. இரண்டாவது ஓட்டத்தை மறுநாள் ஓட அனுமதிக்கும் வேறு விதிமுறைதான் அது. ஆனாலும் இந்த முறை இரண்டு ஓட்டமும் முழுதாக முடிந்தது.

அப்போ எது உண்மை?

சாதனைப் பட்டியலைப் பார்த்தால் 1960 செப்டம்பர் 9 அன்று எதுவும் நடக்கவில்லை. விதிப்படி அது சரிதான். மாடல் பெட்டியைப் பார்த்தால் அன்று ஒரு வீரன் வென்றான். அதுவும் முழுப் பொய் கிடையாது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் ஒரு நல்ல மாடல் கலைஞர் மேசை விளக்கடியில் உட்கார்ந்து தேடுகிறார். 32 ஒயரையும் நுழைத்து, புடைப்பைச் சரிபார்த்து, சக்கரத்தில் உப்பைப் பூசி முடித்தபின் ஒரு பாகம் மட்டும் மிச்சம் இருக்கும். காரின் அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில் ஒட்ட வேண்டிய டிரைவ் ஷாஃப்ட். நிஜத்தில் 654 கி.மீ. வேகத்தைத் தாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது உடைந்த பாகம் அது. மாடலில் அது ஒருபோதும் உடையாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் எந்தக் கிட்டும் துல்லியமாக இருக்க முடியாது.